துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி முன்னாள் படைவீரரிடம் பேச: கிளினிக் ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தப் போகிறவருக்கு

கொலராடோவில் ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். படைத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் முன்னாள் படைவீரர்கள். வீட்டிலுள்ள துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றி அவர்களிடம் பேச ஊழியர்களைப் பழக்க வேண்டும் என்ற பொறுப்பு ஒருநாள் என் தலையில் வந்து விழுந்தது. யாரிடம் கேட்பது, என்ன படிவம், எவ்வளவு செலவு, ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்தில் முடிய வேண்டிய வேலை எனக்கு எட்டு மாதம் இழுத்தது. நம்மூரில் படித்துவிட்டு இங்கே வந்து நர்ஸாகவோ டாக்டராகவோ சமூகப் பணியாளராகவோ சேர்ந்து, இதே பொறுப்பு கைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலையின் காரணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியில் நீங்களும் இதைச் சொல்ல வேண்டி வரும். 2022இல் அமெரிக்காவில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அதில் 73.5 விழுக்காடு துப்பாக்கியால். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. ஆனால் ஏதோ ஒரு முயற்சியில் உயிர் தப்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதும் இல்லை. சாகத் தூண்டும் அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் துப்பாக்கி உடனே கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். நாம் கேட்பது அந்த இடைவெளியை மட்டும்தான்.

1. பயிற்சி நடத்துமுன் உங்கள் முகத்தைக் கவனியுங்கள்

நம்மில் பெரும்பாலானோர் ஊரில் துப்பாக்கியைப் பார்த்தது போலீஸ்காரர் இடுப்பிலும் வங்கி வாசலில் நிற்கும் காவலாளி கையிலும்தான். இங்கே நிலைமை வேறு. 2015இல் எடுத்த ஒரு தேசிய ஆய்வில் முன்னாள் படைவீரர்களில் 45 விழுக்காட்டினர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் குறைந்தது ஒரு துப்பாக்கியையாவது தோட்டா போட்டு, பூட்டாமல் வைத்திருந்தார். அவர்களுக்கு அது தாத்தா விட்டுப்போன சொத்தாக இருக்கலாம், மான் வேட்டைக்கு இருக்கலாம், ராத்திரி தூங்குவதற்கான தைரியமாகவும் இருக்கலாம்.

ஆரம்பத்தில் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நான் கேட்டபோது ஒரு பெரியவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், பதில் சொல்லவில்லை. “நான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி பார்க்கிறாயே” என்றார். கேள்வியில் தப்பில்லை. என் முகத்தில்தான் இருந்தது. அன்றைக்கு அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை, அடுத்த முறை வரவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. வேலையில் துப்பாக்கி வைத்திருக்கும் சக ஊழியர் ஒருவரிடம் உட்கார்ந்து, ஏன் வைத்திருக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், எது உங்களுக்குக் கோபம் வரவழைக்கும் என்று கேளுங்கள். ஒரு டீ நேரம் போதும். எந்தப் படிப்பிலும் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

2. இலவசப் படிப்புகளை முதலில் நீங்கள் முடியுங்கள் (இரண்டு வாரம்)

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பயிற்சி தருகிறோம் என்று ஒரு ஆலோசனை நிறுவனம் எங்களிடம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டது. நிர்வாகம் கையெழுத்துப் போடும் நிலைக்கே போய்விட்டது. அதில் இருந்ததில் முக்கால்வாசி இலவசமாகவே கிடைக்கிறது.

‘காம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையப் படிப்பு ஒன்று இருக்கிறது. உயிர் பறிக்கும் பொருட்கள் கைக்கு எட்டாமல் வைப்பது பற்றி நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கென்றே உருவானது. சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். முதலில் இதை முடியுங்கள். அடுத்து முன்னாள் படைவீரர் நலத்துறை, எல்லோரும் சொல்வதுபோல வி.ஏ., தரும் ‘சேவ்’ பயிற்சி, தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகளைக் கண்டு எப்படிப் பேசுவது என்பது பற்றியது. அரை மணி நேரத்துக்குள் முடியும், வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் வரை எல்லோருக்கும் ஏற்றது. டாக்டர், நர்ஸ் அளவுக்கு ஆழமாக வேண்டுமென்றால் வி.ஏ.யின் மருத்துவப் பிரிவு நடத்தும் ‘வி.எச்.ஏ. டிரெயின்’ என்ற இணையப் பயிற்சித் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். வி.ஏ.யில் வேலை செய்யாதவர்களும் சேரலாம், கட்டணம் இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு. உங்கள் கிளினிக்கில் நீங்கள் சொந்தமாக நடத்தும் வகுப்புக்குத் தொடர்கல்வி மணிநேரம் (உரிமத்தைப் புதுப்பிக்கக் காட்டும் படிப்புக் கணக்கு) வாங்கித் தர வேண்டுமென்றால் தனி அங்கீகாரம் வேண்டும். அதற்கு விண்ணப்பம், கட்டணம், வாரக்கணக்கில் காத்திருப்பு. நான் அதில் ஆறு வாரத்தை வீணாக்கினேன். சான்றிதழ் வேண்டியவர்கள் ஏற்கெனவே அங்கீகாரமுள்ள இணையப் படிப்பை முடித்து வாங்கிக்கொள்ளட்டும், உங்கள் வகுப்பைப் பேசிப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நர்ஸ், டாக்டர் உரிமத்துக்கு ஆறு மணி நேரத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி சட்டப்படியே கட்டாயம். எந்தப் படிப்பு அந்தக் கணக்கில் சேரும் என்று மாநிலப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

3. நிர்வாகத்திடம் மூன்று தாளோடு போங்கள் (நான்கு முதல் ஆறு வாரம்)

வெறும் வாயோடு போனால் ‘யோசிக்கலாம்’ என்பார்கள். மூன்று தாள் எடுத்துப் போங்கள்.

முதல் தாளில் திட்டம்: எத்தனை ஊழியர்கள், எத்தனை மணி நேரம், எந்த நாள், என்ன செலவு. உண்மையான செலவு பூட்டிலோ சாப்பாட்டிலோ இல்லை, இரண்டு மணி நேரம் நோயாளிகளைப் பார்க்காமல் ஊழியர்கள் உட்காரும் சம்பளத்தில் இருக்கிறது. அதை நீங்களே கணக்கிட்டு எழுதிவிடுங்கள். மறைத்தால் கடைசி நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துத் தள்ளிப்போடுவார்கள்.

இரண்டாம் தாளில் நோயாளியிடம் கேட்கப் போகும் கேள்விகளின் வாசகமும் நோயாளிக் குறிப்பில் என்ன எழுதுவோம் என்பதும். குறிப்பில் துப்பாக்கியின் எண்ணிக்கை, மாடல், வரிசை எண் எதுவும் வேண்டாம். ‘பாதுகாப்பாக வைப்பது பற்றிப் பேசினோம், பூட்டு கொடுத்தோம், இன்ன ஏற்பாடு செய்வதாகச் சொன்னார், இன்ன தேதியில் மறுபடி கேட்க வேண்டும்’. இவ்வளவு போதும்.

மூன்றாம் தாள், பூட்டு இலவசமாகக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளும் சிறு படிவம். இதில் பெயர் கேட்காதீர்கள். எங்கள் முதல் படிவத்தில் பெயரும் கையெழுத்தும் கேட்டோம். அந்த மாதம் முழுக்க ஒரே ஒருவர்தான் பூட்டு வாங்கினார். இப்போது தேதி, எத்தனை பூட்டு, அவ்வளவுதான்.

சட்டப் பிரிவு கட்டாயம் கேட்கும் கேள்வி: ‘இதையெல்லாம் நோயாளியிடம் கேட்கலாமா?’ கேட்கலாம். ஃபுளோரிடாவில் 2011இல் டாக்டர்கள் துப்பாக்கி பற்றிக் கேட்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கேட்கக் கூடாது, குறிப்பில் எழுதக் கூடாது என்ற பகுதிகளை 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காக நோயாளியைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற பகுதி நிற்கிறது. அது எங்கேயும் நல்ல விதிதான். அதேபோல, நோயாளி ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டமும் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது அதைத் தடுக்கக்கூடியவரிடம் தேவையானதைச் சொல்ல இடம் கொடுக்கிறது. இந்த இரண்டையும் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுங்கள், பாதி இழுபறி குறையும்.

4. பூட்டுகள் வந்த பிறகு தேதி குறியுங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். பயிற்சி முடிந்து, ஊழியர்கள் உற்சாகமாகப் பேச ஆரம்பித்து, நோயாளிகள் ‘சரி, பூட்டு எங்கே?’ என்று கேட்டபோது எங்களிடம் ஒன்றுமில்லை. சொந்தக் காசில் ஐம்பது வாங்கினேன். பிறகுதான் இலவசமாகக் கிடைப்பது தெரிந்தது.

கேபிள் பூட்டு என்பது பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிக் கயிறும் ஒரு சாவிப்பூட்டும். துப்பாக்கியின் உள்வழியாக அந்தக் கயிற்றைக் கோத்துப் பூட்டினால் தோட்டா ஏற்றவோ சுடவோ முடியாது. பக்கத்து வி.ஏ. மருத்துவமனையின் தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வி.ஏ. இவற்றை இலவசமாகத் தருகிறது. துப்பாக்கித் தொழில் சங்கம் நடத்தும் ‘பிராஜெக்ட் சைல்ட்சேஃப்’ திட்டத்திலும் காவல் துறைகள் வழியாக இலவசமாகக் கிடைக்கும். பெட்டி வந்து சேர ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வகைகளையும் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விசையின் மேல் மாட்டும் பூட்டு பத்து இருபது டாலர். தோட்டா உள்ளே இருக்கும்போது அதை மாட்டக் கூடாது. கைத்துப்பாக்கி வைக்கும் சிறு பெட்டி எண் பூட்டோடும் கைரேகைப் பூட்டோடும் வரும், விலை அதற்கேற்ப ஏறும். நீளத் துப்பாக்கிகள் வைக்கும் பெரிய இரும்புப் பெட்டி பல நூறு டாலருக்குக் குறையாது. அப்புறம் ஒரு நல்ல சேதி: 2005இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது ஏதாவதொரு பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே பலர் வீட்டில் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது, வாங்கின பெட்டியிலேயே பிரிக்காமல் கிடக்கிறது. ‘துப்பாக்கி வாங்கினபோது கூட வந்த பூட்டு இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்தே இயல்பாகத் தொடங்கிவிடும்.

5. பயிற்சி நாள்: கேட்பது கால்வாசி, பேசிப் பழகுவது முக்கால்வாசி

இரண்டு மணி நேரம் போதும். என் முதல் வகுப்பில் அறுபது ஸ்லைடு காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதக் குறிப்புகளைப் பார்த்தால் கிட்டத்தட்ட யாருமே நோயாளியிடம் கேட்கவில்லை. ஏன் என்று விசாரித்தேன். ‘எப்படி ஆரம்பிப்பது என்று வாய் வரவில்லை’ என்றார்கள். இரண்டாவது முறை ஸ்லைடை எட்டாகக் குறைத்தேன்.

முன்னாள் படைவீரர் ஒருவரைக் கூட நிற்க வையுங்கள். எங்களுக்கு ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர் ஒருவர் கிடைத்தார். துப்பாக்கி தெரிந்தவர் சொல்லும்போது ஊழியர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள், சொல் தவறும்போது அவரே திருத்துகிறார். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள், திட்டத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

உண்மைத் துப்பாக்கியை வகுப்புக்குக் கொண்டுவர விடாதீர்கள். பூட்டு மாட்டிக் காட்ட நீல நிறப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று போதும். ஊழியர்கள் நோயாளியின் துப்பாக்கியைத் தொடவோ, ‘கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், மாட்டித் தருகிறோம்’ என்று சொல்லவோ கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு மாட்டுவது அவருடைய வேலை, அவர் வீட்டில்.

சொற்களில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘வெப்பன்’ என்று சொல்லாமல் ‘ஃபயர்ஆர்ம்’ என்று சொல்லப் பழக்குங்கள். ‘கட்டுப்பாடு’, ‘அகற்றுவது’, ‘ஒப்படைப்பது’ போன்ற சொற்கள் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘பத்திரமாக வைப்பது’, ‘கொஞ்ச நாளைக்கு’, ‘உங்களுக்கு எது தோதுப்படும்’ என்பவை பேச்சை வளர்க்கும்.

மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், ஒருவர் பார்ப்பவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க நாங்கள் பழகும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், தூக்கம் சரியில்லை, மனசு கனமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். இந்த மாதிரி நேரத்தில் இருக்கிற எல்லோரிடமும் வீட்டைப் பத்திரமாக வைப்பது பற்றிக் கொஞ்சம் பேசுவேன். பேசலாமா?”

“எதைப் பற்றி?”

“மாத்திரைகள், துப்பாக்கிகள். இங்கே நிறையப் பேர் வீட்டில் துப்பாக்கி இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால் இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்?”

“கட்டில் பக்கத்தில். எடுத்துப் போக வருகிறீர்களா?”

“இல்லை சார். அது உங்களுடையது, முடிவும் உங்களுடையது. மனசு ரொம்பக் கெட்டுப்போகிற ராத்திரியில் அதற்கும் உங்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கும்படி என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.”

அனுமதி கேட்பது, இருக்கிறதா என்று குறுக்கு விசாரணை செய்யாமல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது, முடிவை அவரிடமே விடுவது. பார்ப்பவர் இந்த மூன்றும் வந்ததா என்று மட்டும் குறித்தால் போதும். நோயாளியாக நடிப்பவர் ஒருமுறையாவது கோபப்பட வேண்டும். கோபத்தைச் சந்தித்துப் பழகாத ஊழியர் அறைக்குள் போனதும் கேள்வியை விழுங்கிவிடுவார்.

ஒன்று முக்கியம். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே குடும்பத்தில் ஒருவரை இழந்தவர் இருக்கக்கூடும். எங்கள் வகுப்பில் இருந்தார். ஆரம்பத்திலேயே ‘யாருக்காவது கனமாக இருந்தால் எழுந்து வெளியே போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்’ என்று அறிவியுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் நீங்கள் அங்கேயே இருங்கள்.

6. நோயாளிகள் திருப்பிக் கேட்பவை

‘உங்களிடம் சொன்னால் அரசாங்கப் பட்டியலில் என் பெயர் ஏறுமா?’ டாக்டரிடம் பேசினதால் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது. மனநலக் காரணத்தால் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி உரிமை பாதிக்கப்படுவது, ஒருவரைச் சட்ட உத்தரவின் மூலம் கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்தால், அல்லது நீதிமன்றம் போன்ற சட்ட அமைப்பு அவரை மனநலம் காரணமாகத் தகுதியற்றவர் என்று தீர்மானித்தால். தானாக வந்து சேர்ந்தால் அந்தத் தடை இல்லை. சில மாநிலங்களில் கூடுதல் விதிகள் உண்டு, ஆகவே உங்கள் மாநில விதியைச் சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் வாக்குறுதி கொடுக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்தால் அவர் மட்டுமல்ல, அவருடைய நண்பர்களும் வரமாட்டார்கள்.

‘திருடன் வந்தால் என்ன செய்வது?’ இது உண்மையான பயம், வாதம் செய்யாதீர்கள். நொடியில் திறக்கும் கைரேகைப் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ஐந்து துப்பாக்கி இருந்தால் நாலைப் பூட்டினாலும் முன்னேற்றம்தான். அடுத்த முறை ஐந்தாவதைப் பற்றிப் பேசலாம்.

‘கொஞ்ச நாள் வெளியே வைக்கலாமென்றால் எங்கே?’ ஆபத்து கூடியிருக்கும்போது இதுதான் நல்ல வழி. இங்கேதான் மாநிலச் சட்டம் காலைப் பிடிக்கும். கொலராடோவில் தனியாருக்குள் கைமாறினாலும் பின்னணிச் சோதனை (வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று பார்ப்பது) வேண்டும், ஆனால் நெருங்கிய குடும்பத்தாருக்குக் கொடுப்பதற்கும் 72 மணி நேரத்துக்குள் திரும்பும் தற்காலிகக் கைமாற்றத்துக்கும் விலக்கு உண்டு. வாங்கி வைப்பவரும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடியவராக இருக்க வேண்டும். தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கடைகள், காவல் நிலையங்களின் வரைபடம் ஒன்று கொலராடோவுக்கு 2019 முதல் இருக்கிறது, வேறு சில மாநிலங்களுக்கும் உண்டு. வரைபடத்தில் இருக்கிறதென்று அனுப்பிவிடாமல் முதலில் நீங்களே போன் செய்து, வாடகை எவ்வளவு, திரும்ப வாங்கும்போது சோதனை உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். காரில் துப்பாக்கியோடு போய் நின்று, முடியாது என்று திரும்பி வருவது அந்த மனநிலையில் இருப்பவருக்கு ஆபத்தான பயணம். முடிவெடுக்கத் தடுமாறுபவருக்கு ‘லாக் டு லிவ்’ என்ற இலவச இணையக் கருவியைக் காட்டுங்கள், எந்த வழி தனக்கு ஒத்துவரும் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி, மகன், பழைய படைத்தோழர், யாரிடம் சாவி இருக்கலாம் என்று கேட்க மறக்காதீர்கள். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தால் இடைவெளி ரொம்பச் சின்னது.

7. அறையிலேயே ஆபத்து தெரிந்தால்

இதை ஒரு அட்டையில் அச்சடித்து ஒவ்வோர் அறையிலும் வையுங்கள். நெருக்கடி உதவி எண் 988, இணைப்பு கிடைத்ததும் முன்னாள் படைவீரர் பிரிவுக்கு 1ஐ அழுத்த வேண்டும். 838255 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். நோயாளியைத் தனியே விடக் கூடாது. 2023 ஜனவரி 17 முதல், தகுதியுள்ள முன்னாள் படைவீரர் இப்படியான நெருக்கடியில் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனாலும் செலவை வி.ஏ. ஏற்கிறது, வி.ஏ.யில் பதிவு செய்திராதவருக்கும் கூட. உள்நோயாளியாக 30 நாள், வெளிநோயாளியாக 90 நாள் வரை. பணத்துக்குப் பயந்து போகாமல் இருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சிக்கலான நோயாளி பற்றி யாரிடம் கேட்பது என்று தவித்தால், வி.ஏ. நிபுணர்கள் வெளி டாக்டர்களுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். தற்கொலை ஆபத்து மேலாண்மை ஆலோசனைத் திட்டம் என்பது அதன் பெயர். நாங்கள் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறோம், பொறுமையாகப் பேசினார்கள். நீதிமன்ற உத்தரவின் மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கும் சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கொலராடோவில் 2023 முதல் மருத்துவ ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம். அது கடைசி வழி. வகுப்பில் அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், பேசினால் எல்லோர் மனதிலும் அது மட்டுமே தங்கிவிடும்.

8. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம்

பூட்டு வாங்கிப் போனவரிடம் அடுத்த சந்திப்பில் ‘மாட்டினீர்களா, ஒத்துவந்ததா?’ என்று கேட்க வேண்டும். கேட்கும் தேதி குறிப்பில் இல்லையென்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வருமானத்தைப் பற்றி நிர்வாகம் கேட்டால், பாதுகாப்புத் திட்டம், அதாவது நெருக்கடியில் என்ன செய்வது என்று நோயாளியோடு சேர்ந்து எழுதுவது, அதற்கான நேரத்துக்கு மெடிகேரில் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 2025 முதல் பணம் கோர தனிக் குறியீடு இருக்கிறது, ஜி0560. இருபது நிமிடம் ஓர் அலகு. துப்பாக்கிப் பேச்சு அந்தத் திட்டத்தின் கடைசிப் படியாக வருவதால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

புதிதாகச் சேருபவருக்கு முதல் மாதத்திலேயே இணையப் படிப்பு, இரண்டாம் மாதத்தில் மூன்று பேர் பயிற்சி ஒன்று. பழையவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். பூட்டு அலமாரியில் பத்துக்குக் கீழே வந்ததும் அடுத்த பெட்டி கேட்க வேண்டும் என்று அலமாரிக் கதவின் உள்பக்கமே எழுதி ஒட்டியிருக்கிறோம். கூப்பிட வேண்டிய ஒருங்கிணைப்பாளரின் எண்ணும் அதிலேயே இருக்கிறது.